இல்லறத்தாரும் கணக்கு நோட்டும்

திருமலைக்குச் செல்லும் அன்பர்களில் பலர், மலையடிவாரத்து நகரில் பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராஜப் பெருமாளையும் சேவித்துவிட்டே ஊர் திரும்புவர். ஸ்ரீ ராமானுஜர் எழுந்தருளச் செய்ததாகப் போற்றப்படும் இப்பெருமாள், தலைக்கு அணையாக ஒரு மரக்காலை வைத்துப் படுத்திருப்பதாகத் தலமரபு கூறுகிறது. தம்பி வேங்கடவனின் திருமணத்திற்காக வந்த பொருளையெல்லாம் அளந்து அளந்து களைத்துப்போன அண்ணன், அளந்த மரக்காலையே தலையணையாக்கிக்கொண்டு சற்றே கண்ணயர்ந்தார் என்பது அங்குள்ளோர் சொல்லும் கதை. கும்பகோணத்தை அடுத்த ஆதனூரிலும் பெருமாளுக்கு மரக்கால்தான் தலையணை. திருக்கரத்தில் ஓலையும் எழுத்தாணியும் வேறு உண்டு. ஆண்டளக்கும் ஐயன் என்பது அவரது திருநாமம்.

அளப்பதும் எழுதுவதும் உலகியல் வேலை என்றும், பக்திக்கும் அவற்றுக்கும் வெகுதூரம் என்றும் எண்ணுவோர் உண்டு. நம் முன்னோர் அப்படி எண்ணியிருந்தால், பரம்பொருளின் தலைமாட்டில் மரக்காலையும் கையில் எழுத்தாணியையும் வைத்து அழகு பார்த்திருக்கமாட்டார்கள்.

திருப்பதிக்கே உரிய இன்னொரு கதையும் யாவரும் அறிந்தது. பத்மாவதித் தாயாரை மணம் புரிவதற்காக ஸ்ரீநிவாசன் குபேரனிடம் கடன் வாங்கினான். கலியுகம் முடியுமளவும் வட்டி செலுத்தி, யுக முடிவில் முதலைத் திருப்பித் தருவதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். பிரம்மாவும் சிவனும் அரசமரமும் அதற்குச் சாட்சி. பக்தர்கள் உண்டியலில் இடும் காணிக்கை அந்த வட்டிக்கே போகிறது என்பது நம்பிக்கை. 'வட்டிகாசுலவாடு' என்று தெலுங்கு மக்கள் பகவானை உரிமையோடு அழைப்பதும் இதனால்தான். மகளுக்குச் சக்திக்கு மீறிக் கடன்பட்டுத் திருமணம் செய்தவர்கள், "பெருமாளே கடன் வாங்கித்தானே கல்யாணம் செய்துகொண்டார்!" என்று சொல்லித் தங்களைத் தேற்றிக்கொள்வதும் உண்டு. அவர்கள் கதையின் பாதியை மறந்துவிடுகிறார்கள். பெருமாள் வாங்கிய கடனுக்குப் பத்திரம் இருந்தது, சாட்சி இருந்தது, தவணை இருந்தது, எந்த வரவிலிருந்து வட்டி கட்டப்படும் என்ற தெளிவும் இருந்தது. அளப்பதற்கு அண்ணன் ஒருவர் மரக்காலோடு உட்கார்ந்திருந்தார். இவை எதுவும் இல்லாமல் வாங்கப்படும் கடனுக்கு அந்தக் கதை எப்படித் துணைவரும்?

மாதந்தோறும் வரவு செலவுத் திட்டம் எழுதும் பழக்கத்தைப் பற்றி இல்லறத்தாரிடையே இரண்டு தயக்கங்கள் உள்ளன. ஒன்று, "எழுதி என்ன ஆகப்போகிறது? எழுதினால் வரவு கூடுமா?" என்பது. மற்றது சற்று ஆழமானது. நாளைக்காகக் கணக்கிடுவது இறைவனிடம் வைத்த நம்பிக்கைக் குறைவல்லவா? காசுக்குக் காசு எண்ணிக்கொண்டிருப்பவன் மனத்தில் ஈகை எப்படிச் சுரக்கும்? இந்த இரண்டாம் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

பகவான் ஸ்ரீ ராமகிருஷ்ணர் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். பறவையும் துறவியும் நாளைக்கென்று சேர்த்து வைப்பதில்லை என்ற கருத்தைச் சொல்லும்போதே, குஞ்சு பொரித்த பறவை மட்டும் அலகில் இரையைச் சுமந்து கூட்டிற்குக் கொண்டுவருவதையும் அவர் எடுத்துக்காட்டினார். சேர்ப்பதும் சேர்க்காததும் அவரவர் நிலையைப் பொறுத்தவை. துறவி தன் நாளையை இறைவனிடம் ஒப்படைக்கிறார். ஒப்படைக்கப்படுவது அவருடைய நாளை மட்டுமே. இல்லறத்தான் கணக்கின்றி வாழ்ந்து, "எல்லாம் அவன் பார்த்துக்கொள்வான்" என்று சொன்னால், அவன் ஒப்படைப்பது தன் குழந்தைகளின் நாளையையும் முதிய பெற்றோரின் நாளையையும் சேர்த்துத்தான். அவர்களைக் கேட்காமலே அதைச் செய்கிறான்.

திட்டமிடுவது சம்பளக்காரர்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு எப்படி என்ற கேள்வியும் நியாயமானதே. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், ஆந்திரமும் தமிழகமும் கர்நாடகமும் நெருங்கி நிற்கும் குப்பம் பகுதியில், சாந்திபுரம் இருக்கிறது. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் சந்தையில் ஒலிக்கும் வட்டாரம் அது. தக்காளியும் மல்பெரியும் கறவை மாடும் அங்குள்ள பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. குப்பத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களும் அநேகர். இந்த வரவுகளில் எதுவும் மாதத்தின் முதல் தேதியில் ஒழுங்காக வந்து நிற்பதில்லை. பட்டுப்புழு முட்டையிலிருந்து வெளிவந்து கூடு கட்ட ஏறத்தாழ ஒரு மாதம். நடுவில் நோய் கண்டால் அந்தத் தொகுதியே போயிற்று. தக்காளியின் குணமோ எல்லோரும் அறிந்தது. 2023ஆம் ஆண்டு ஜூலையில் நாடெங்கும் கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்ற அதே தக்காளி, வேறு பருவங்களில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டப்பட்டிருக்கிறது.

ஆனால் செலவு மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்துவிடுகிறது. வரவு ஒழுங்காக இருப்பவனுக்குத் திட்டம் ஒரு வசதி. வரவு ஒழுங்கற்றவனுக்கோ அதுவே ஊன்றுகோல். ஆகவே, "எங்களுக்கு ஏது மாத பட்ஜெட்?" என்று கேட்கும் வீடுகளுக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது.

உதாரணத்திற்கு அந்த வட்டாரத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் நிலம். இரண்டு கறவை மாடுகள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன். பால் பணத்தில் தீவனம் போக மாதம் 6,000 ரூபாய் நிற்கிறது. மகன் தருவது 8,000. ஆக நிச்சயமான வரவு 14,000. தக்காளி நல்ல ஆண்டில் செலவு போக 60,000 தரும். கெட்ட ஆண்டில் ஒன்றும் தராது. இந்தக் குடும்பத்தின் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் என்ன விடை சொல்வது? நல்ல ஆண்டின் கணக்கில் ஆண்டுக்கு 2,28,000 ரூபாய், மாதத்திற்கு 19,000. பெரும்பாலோர் மனத்தில் பதிந்திருக்கும் எண் இதுதான். ஏனெனில் விளைந்த ஆண்டே நினைவில் நிற்கும். ஆனால் அரிசியும் மளிகையும் பள்ளிப் பேருந்தும் நிற்கவேண்டியது 14,000இல்தான். நிச்சயமான வரவில் அன்றாடச் செலவு. நிச்சயமற்ற வரவு வந்தால் கடனடைப்பு, அடுத்த பயிருக்கான விதை உரம், வீட்டின் பழுது. தக்காளிப் பணம் மாதச் செலவுக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால், அது வராத ஆண்டில் அந்த இடத்தில் கடன் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து, பல வீடுகளின் திட்டத்தைக் கவிழ்க்கும் இடம் ஒன்று உண்டு. மளிகை, பால், மின்கட்டணம் என்று எழுதிக் கூட்டிப் பார்த்தால் வரவுக்குள் அடங்கியதுபோலவே தோன்றும். ஜூன் வந்ததும் பள்ளிக் கட்டணம் 18,000. பண்டிகைகளுக்குத் துணிமணி 6,000. மாடுகளுக்கும் மனிதருக்குமான காப்பீடு 4,000. உறவினர் விசேஷங்களுக்கு மொய் 8,000. இவை எதிர்பாராத செலவுகள் என்று சொல்லப்படுகின்றன. ஆண்டுதோறும் அதே மாதத்தில் வரும் பள்ளிக் கட்டணத்தில் எதிர்பாராதது என்ன இருக்கிறது? கூட்டினால் 36,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,000. கண்ணுக்குத் தெரியாமல் மாதந்தோறும் நடந்துகொண்டிருக்கும் செலவு அது. பதினான்காயிரத்தில் மூவாயிரத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டால், அந்த வீட்டின் உண்மையான மாதப் பணம் 11,000தான். இந்த உண்மை கசக்கும். கசப்பதனாலேயே பலர் எழுத உட்காருவதில்லை.

எடுத்து வைத்த பணத்தைத் தொடாமலிருப்பது எப்படி என்பதற்கு எங்கோ போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை. தென்னகத்தின் எண்ணற்ற வீடுகளில் திருப்பதிக்கு என்று ஓர் உண்டியலோ, மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசோ பூஜையறையில் இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த அன்று முடிந்தது, பயிர் பிழைத்த அன்று சேர்த்தது என்று அது வளரும். வீட்டில் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் அதில் கைவைக்க யாருக்கும் மனம் வராது. "அது பெருமாள் பணம்" என்ற ஒரு சொல் பூட்டைவிட வலுவாக அதைக் காக்கிறது. ஒரு தொகையை ஒரு காரியத்துக்கு என்று சங்கல்பித்து, பின் அதை வேறொன்றுக்குத் திருப்பாதிருக்கும் மனவலிமை அந்த வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. மகளின் படிப்புக்காக எடுத்து வைத்த பணத்திற்கும் அதே மதிப்பைத் தரலாமே! அவள் படிப்பும் தெய்வத்தின் கண்முன் ஏற்றுக்கொண்ட பொறுப்புதான். தனித்தனி உறையோ, தனித்தனி டப்பாவோ, வங்கியில் தனிக் கணக்கோ, எதுவாயினும் சரி. கைபேசியிலிருந்து பணம் பறந்துவிடும் இந்தக் காலத்தில், எல்லாப் பணமும் ஒரே கணக்கில் கலந்து கிடப்பது ஆபத்து. அங்கே பெருமாள் பணம் எது, தேநீர்ப் பணம் எது என்று தெரிவதில்லை.

கடனைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களுடன் சோதனையாகத் தொடங்கிய சுயஉதவிக் குழு வங்கி இணைப்பு, ஆந்திரத்தில் வேரூன்றியதுபோல் வேறெங்கும் ஊன்றவில்லை என்றே சொல்லலாம். சிறு சேமிப்பு, மாதக் கூட்டம், தீர்மானப் புத்தகம் என்று கிராமத்துப் பெண்கள் நிதி நிர்வாகம் கற்றார்கள். அதன் நிழலிலேயே தனியார் குறுங்கடன் நிறுவனங்களும் வளர்ந்தன. ஒரே வீட்டில் மூன்று நான்கு இடத்துக் கடன், வாரந்தோறும் தவணை, ஒன்றைக் கட்ட இன்னொன்று. 2010இல் அந்நிலை வெடித்தது. கடன் நெருக்குதலால் உயிர்கள் போயின என்ற துயரச் செய்திகளுக்கிடையே, அவ்வாண்டு அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தவணை மாதத்திற்கு ஒருமுறைதான் வசூலிக்கப்பட வேண்டும், மொத்த வட்டி முதலுக்கு மேற்படக் கூடாது என்பன அதன் விதிகளில் சில. வட்டி முதலின் அளவைத் தாண்டலாகாது என்பது மனுஸ்மிருதியிலேயே காணப்படும் பழைய நெறி. பல நூற்றாண்டு கடந்து அது சட்டப் புத்தகத்துக்குத் திரும்பி வந்தது. ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2023இல் தெலங்கானா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது தனிச்செய்தி.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதி ஒன்று இங்கே கவனத்திற்குரியது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடின்றித் தரப்படும் கடனைக் குறுங்கடன் என்று அது வரையறுத்தது. அக்குடும்பம் எல்லாக் கடன்களுக்குமாகச் செலுத்தும் மாதத் தவணை, அதன் மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. ஏழைகளைக் காக்கும் நோக்கம் கொண்ட நல்ல விதிதான். ஆனால் முன்சொன்ன சாந்திபுரத்துக் குடும்பத்தோடு இதைப் பொருத்திப் பார்த்தால் அதன் எல்லை தெரியும். தக்காளியையும் சேர்த்து மாதம் 19,000 என்று கடன் கொடுப்பவர் எழுதினால், 9,500 வரை தவணை கட்டலாம் என்று கணக்கு இடம் கொடுக்கிறது. தக்காளி பொய்த்த ஆண்டில் வீட்டுக்கு வருவது 14,000. தவணை போக மிஞ்சுவது 4,500. அதிலிருந்துதான் பள்ளிக் கட்டணத்துக்கான மூவாயிரமும் போகவேண்டும். விதியை யாரும் மீறவில்லை. குடும்பம் மட்டும் மூழ்கிவிட்டது.

தன் வரவு செலவுத் திட்டத்தைத் தானே எழுதாத குடும்பத்துக்கு, கடன் கொடுப்பவர் அதை எழுதிவிடுகிறார். அவர் எழுதுவது அவருக்குப் பணம் திரும்பி வருமா என்பதைப் பார்ப்பதற்கான கணக்கு. அதில் பாட்டியின் கண் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு வரி இருக்காது. எனவே கடன் தருபவர் வீட்டு வாசலுக்கு வருமுன், "எங்கள் வீடு தாங்கக்கூடிய தவணை இவ்வளவுதான்" என்று ஒரு கோட்டைக் குடும்பமே போட்டு வைத்திருக்க வேண்டும். நிச்சயமான வரவில் கால்பங்கு என்று வைத்தால் மேற்சொன்ன வீட்டுக்கு அது 3,500. வேறு வீட்டுக்கு வேறாக இருக்கலாம். கோடு எங்கே என்பது அவரவர் நிலை; கோடு உண்டா என்பதுதான் கேள்வி. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. குழுவின் லட்சக்கணக்கான ரூபாயைக் கையெழுத்தும் தேதியுமாகப் பிசகின்றி எழுதும் பெண்மணிகளில் எத்தனையோ பேருடைய சொந்த வீட்டுக்கு ஒரு கணக்கு நோட்டு கிடையாது.

நோட்டு எழுதுவதால் வரவு கூடுமா என்ற முதல் தயக்கத்திற்கு விடை, அன்றைய நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டா என்ற கிராமத்தில் கிடைக்கிறது. 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு இயக்கத்தின் வகுப்புகளுக்கு வந்த பெண்கள், பாடத்தோடு பாடமாகத் தங்கள் வீட்டின் துன்பங்களையும் பேசத் தொடங்கினார்கள். கணவன்மாரின் கூலி சாராயக் கடைக்குப் போவது பேச்சில் மீண்டும் மீண்டும் வந்தது. 1992இல் அவர்கள் கடையை மூடச் செய்தார்கள். போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திரத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கே வந்து, 1997இல் தளர்த்தப்பட்டது. அந்தப் பெண்களுக்குப் புதிதாக எந்த வருமானமும் வந்துவிடவில்லை. வந்ததில் எவ்வளவு வீடு சேராமல் போகிறது என்பதை வாய்விட்டுச் சொல்ல முடிந்தது. அதுவரை தனித்தனி வீட்டின் தலைவிதியாக இருந்தது, அப்போது எல்லோருக்கும் பொதுவான கணக்காயிற்று.

இன்றைய வீடுகளில் பணம் கசியும் வழிகள் மாறியிருக்கின்றன. 1999-2000இல் இந்தியக் கிராமக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 59 சதவீதம் என்று தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு கண்டது. 2023-24இல் அது 47 சதவீதம். வயிற்றுக்கான செலவின் பங்கு குறைந்து மற்றவை கூடியிருப்பது பொதுவாக நல்ல அறிகுறிதான். ஆனால் உணவுக்குள்ளேயே ஒரு மாற்றத்தைப் பாருங்கள். 2022-23 கணக்கெடுப்பின்படி, கிராமங்களில் அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்கு மொத்தச் செலவில் 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பானங்கள், பொட்டலப் பண்டங்கள், வெளியில் வாங்கும் தின்பண்டங்கள் ஆகியவற்றுக்கு 9 சதவீதத்துக்கும் மேல். ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைப்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம் என்பதை மறக்கலாகாது. இருப்பினும், "அரிசி விலை ஏறிவிட்டது, அதனால் மாதக் கடைசியில் திண்டாட்டம்" என்று சொல்லும் வீட்டில், திண்டாட்டம் எந்தப் பொட்டலத்துக்குள் இருக்கிறது என்பது நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

இனி, ஈகை. கணக்கு பார்ப்பவனிடம் ஈகை சுரக்குமா என்ற கேள்விக்கு ஸ்ரீமத் பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் ஒரு காட்சி இருக்கிறது. மூன்றடி மண் கேட்டு வந்த வாமனனுக்குக் கொடுப்பதாக மகாபலி வாக்களித்துவிட்டான். வந்திருப்பவர் யாரென்று உணர்ந்த சுக்கிராச்சாரியார் அவனைத் தடுக்கிறார். அப்போது அவர் எடுத்துக்காட்டும் நெறி, வீட்டு வரவு செலவுத் திட்டத்தையே நினைவூட்டுகிறது. செல்வத்தை ஐந்தாகப் பிரித்து, தர்மத்துக்கு, நற்பெயருக்கு, மேலும் பொருள் வளர்வதற்கு, தன் இன்பத்துக்கு, சுற்றத்தாருக்கு என்று வழங்குபவன் இம்மையிலும் மறுமையிலும் சுகமாக இருப்பான் என்கிறார். வாழ்வாதாரத்தையே அழிக்கும் தானத்தைப் பெரியோர் புகழ்வதில்லை என்றும் சொல்கிறார். இதில் ஓர் எழுத்தும் தவறில்லை. இல்லறத்தான் இதைவிடச் சிறந்த அறிவுரையை எங்கும் கேட்க முடியாது. ஆனாலும் பலி அதை மறுத்தான். உலகம் இன்றளவும் பலியைத்தான் கொண்டாடுகிறது. இது எப்படி?

சுக்கிரர் அந்த நெறியை எதற்காகப் பயன்படுத்தினார் என்று பார்க்க வேண்டும். கொடுத்த வாக்கிலிருந்து நழுவுவதற்காகப் பயன்படுத்தினார். வாக்களிக்குமுன் சொல்லியிருந்தால் அது அறிவுரை. வாக்களித்தபின் சொன்னபோது அது சாக்குப்போக்காகிவிட்டது. பட்ஜெட்டில் இடமில்லை என்று சொல்லி வேலைக்காரியின் சம்பளத்தைத் தள்ளிப்போடுபவரும், முதிய தாய்க்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்ட தொகையைக் குறைப்பவரும் சுக்கிரரின் சீடர்களே. திட்டம் என்பது ஏற்றுக்கொண்ட கடமைகளைக் காப்பாற்றுவதற்கான கருவி. கடமையிலிருந்து தப்பிக்கும் கருவியாக அது மாறிவிட்டால், கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன பயன்?

பலியைக் காட்டி அளவின்றி வழங்கலாம் என்று எண்ணுவதும் சரியாகாது. பலி கொடுத்தது தன்னுடையதை. மூன்றாம் அடிக்கு நீட்டியதும் தன் தலையைத்தான். இல்லறத்தான் கடன் வாங்கிக் காணிக்கை செலுத்தும்போது, அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் தலையை நீட்டப்போகிறவர்கள் அவனுடைய மனைவி மக்கள். திருக்குறளில் 'வலியறிதல்' என்பது பொருட்பாலில் அரசனுக்குச் சொல்லப்பட்ட அதிகாரம். பகைவனின் வலிமையையும் தன் வலிமையையும் தூக்கிப் பார்ப்பது பற்றியது. வியப்பு என்னவென்றால், அதன் கடைசி நான்கு குறள்களும் படைபலத்தை விட்டுவிட்டு, வருவாய்க்கேற்ற ஈகையையும் அளவறிந்த வாழ்வையும் பேசுகின்றன. ஒப்புரவுகூட அளவின்றிப் போனால் செல்வத்தைக் கரைத்துவிடும் என்று, ஈகையைப் போற்றிய அதே வள்ளுவர் எச்சரிக்கிறார்.

அப்படியானால் நோட்டில் தர்மத்திற்கு இடம் எங்கே? எல்லாச் செலவும் போக மிஞ்சினால் தருவது என்று கடைசி வரியில் வைத்தால் ஒருபோதும் மிஞ்சாது. முதல் வரியில், சிறிய தொகையாக, நிச்சயமான வரவிலிருந்து எடுத்து எழுதுவதே நடைமுறையில் நிற்கிறது. மாதம் நூறு ரூபாயானாலும் முதல் வரியில் இருக்கும்போது அது தர்மம். மொய்யை இதில் சேர்க்கக்கூடாது. வாங்கியதைத் திருப்பித் தருவதும், பின்னால் திரும்பி வரும் என்று தருவதும் ஊர் வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் அதற்குத் தர்மம் என்று பெயரிட்டு மனத்தைத் திருப்திப்படுத்திக்கொள்வது கணக்கில் பொய் எழுதுவதாகும்.

இல்வாழ்வானின் கடமைகளாக வள்ளுவர் சொல்லும் ஐந்தில், தென்புலத்தார், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் ஆகியோருக்குப் பின் ஐந்தாவதாக வருவது 'தான்'. இந்த ஐந்துக்கும் ஐந்து பங்கு வேண்டியிருப்பதால்தான் அரசனுக்குரிய வரி ஆறில் ஒன்றாயிற்று என்று பரிமேலழகர் விளக்கம் தருகிறார். தன்னைக் காப்பது எப்படி அறமாகும் என்ற ஐயத்துக்கும் அவரே விடை கூறுகிறார்: தான் இருந்துதானே மற்ற அறங்களையெல்லாம் செய்ய வேண்டும்! இந்த உரையை நம் வீட்டுத் தாய்மார்கள் அவசியம் படிக்க வேண்டும். எந்த வீட்டில் பணம் தட்டுப்பட்டாலும் முதலில் வெட்டப்படுவது குடும்பத் தலைவியின் மருந்து. இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொள்வார். உடைந்த மூக்குக்கண்ணாடியை நூல் கட்டி மாட்டிக்கொள்வார். இதை யாரிடமும் சொல்லவும் மாட்டார். அதைத் தியாகம் என்று வீடு பாராட்டும். அவர் படுத்த படுக்கையானபின் வரும் மருத்துவமனைச் செலவுக்குத்தான் பெருங்கடன் வாங்கப்படுகிறது. 'அம்மாவின் மருந்து' என்று நோட்டில் தனியாக ஒரு வரி, அவர் கையால் அல்ல, வீட்டிலுள்ள வேறொருவர் கையால் எழுதப்பட வேண்டும். அவரே எழுதினால் முதல் நெருக்கடியிலேயே அடித்துவிடுவார்.

யார் எழுதுவது, யார் பார்க்கலாம் என்பதிலும் நெறி உண்டு. கணவன் மட்டும் அறிந்த வரவும், மனைவி மட்டும் அறிந்த கடனும் உள்ள வீட்டில் எழுதப்படும் நோட்டு இரண்டு பொய்களின் கூட்டுத்தொகை. பெரும்பாலும் அந்த ரகசியங்கள் தீய எண்ணத்தால் பிறந்தவை அல்ல. திட்டுவார்கள் என்ற பயம், வருத்தப்படுவார்கள் என்ற பரிவு. பயத்தால் மறைத்த சிறு கடன் வட்டியோடு வளர்ந்து வெளிப்படும் நாளில், பணத்தைவிட நம்பிக்கையின் இழப்பே பெரிதாகிறது. விவரம் தெரிந்த குழந்தைகளும் உடனிருக்கலாம். தந்தையின் வரவு எவ்வளவு என்று அறிந்த பிள்ளை, கேட்கும் பொருளையும் அதற்கேற்பக் கேட்கும்.

மகாத்மா காந்தி லண்டனில் சட்டம் படித்த நாட்களில், பேருந்துக் கட்டணம், தபால்தலை உட்பட ஒவ்வொரு காசையும் எழுதி, இரவில் படுக்கப்போகுமுன் இருப்பைச் சரிபார்த்து வைத்தார் என்று தமது சுயசரிதையில் கூறுகிறார். பிற்காலத்தில் லட்சக்கணக்கான பொதுப்பணத்தைக் கடன் விழாமல் நிர்வகிக்க முடிந்ததற்கு அந்தப் பழக்கமே காரணம் என்பது அவர் கருத்து. அவர் அன்று கணக்கெழுதியது பற்றாக்குறையால் மட்டுமல்ல. ஊரிலிருந்து அண்ணன் அரும்பாடுபட்டு அனுப்பிய பணம் அது என்ற உணர்வும் உடன் இருந்தது. நோட்டைப் பார்த்தே அவர் பாதிச் செலவைக் குறைத்து, சிறிய அறைக்குக் குடிபெயர்ந்தார்.

எழுதத் தொடங்கும் வீட்டில் முதல் மாதம் கணக்கு நேராகாது. வந்தது 14,000, எழுதியது 12,600, கையில் இருப்பது 300. மீதி 1,100 எங்கே போயிற்று என்று யாருக்கும் நினைவிருக்காது. அந்த இடத்தில் மளிகையில் ஐந்நூறு, பிரயாணத்தில் அறுநூறு என்று கூட்டி எழுதிச் சரிக்கட்ட மனம் துடிக்கும். அப்படிச் செய்யாமல், 'தெரியவில்லை: 1,100' என்றே ஒரு வரி எழுதி வைப்பது நல்லது. அடுத்த மாதம் அந்த வரி எழுநூறாகலாம். அதற்கடுத்த மாதம் இருநூறாகலாம். குறையாமல் அப்படியே நின்றால், அந்த ஒரு வரியைப் பற்றிக் கணவனும் மனைவியும் ஒருநாள் மாலை விளக்கேற்றியபின் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் பேசவேண்டியிருக்கும்.